வலியும் உளைச்சலும்: மின் அக்குபங்சர் மூளையில் எதைத் தணிக்கிறது?

இண்டூர் அடங்கிய தருமபுரி மாவட்டம் புளிக்குப் பேர்போனது. தை பிறந்தால் வீட்டுத் திண்ணைகளில் புளி தட்டும் வேலை தொடங்கிவிடும். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, சிறு சுத்தியலால் தட்டிக் கொட்டை எடுக்க வேண்டும். ஒரே கை, ஒரே அசைவு, காலையிலிருந்து பொழுது சாயும்வரை. மாலையில் மணிக்கட்டு லேசாக வீங்கித் தொட்டால் சுடும். கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டே புளி தட்டிய பெண் இரண்டு சொற்களை மாற்றி மாற்றிச் சொல்வார்: "வலிக்குது", "உளையுது". முதலாவது இடத்தைச் சுட்டுகிறது. இரண்டாவது, தூங்கவிடாத தவிப்பைச் சொல்கிறது. கைகால் உளைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் நம் மொழியில் சொல் ஒன்றே. நரம்பியலோ இந்த இரண்டையும் பிரித்தறிகிறது. மின் அக்குபங்சர் பற்றிய விவாதம் அந்தப் பிரிவைக் கணக்கில் எடுக்காததால்தான் ஒரே இடத்தில் சுற்றிவருகிறது என்பது என் வாதம்.

மின் அக்குபங்சர் என்பது தோலில் செருகிய இரண்டு ஊசிகளைச் சிறு கருவியோடு இணைத்து மெல்லிய மின்துடிப்பைச் செலுத்துவது. பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் 1965 முதல் ஊசி வலியைத் தணிப்பதை ஆராய்ந்தவர். ஊசிச் சிகிச்சை பெற்ற முயலின் மூளைத் தண்டுவட நீரை எடுத்து, ஊசியே படாத இன்னொரு முயலுக்குச் செலுத்தியபோது அதற்கும் வலி உணர்வு குறைந்தது. நீரில் ஏதோ ஒரு வேதிப்பொருள் கலந்திருக்க வேண்டும். அது உடலே சுரக்கும் அபினி வகைப் பொருள் என்பதற்கு 1976இல் டொரண்டோவில் புரூஸ் பொமரன்ஸ் சான்று காட்டினார். அபினியை முறிக்கும் நலாக்சோனை முன்கூட்டியே கொடுத்தால் சுண்டெலிகளில் ஊசியின் பலன் மறைந்துபோனது. துடிப்பின் வேகத்தைப் பொறுத்துச் சுரப்பும் மாறும். நொடிக்கு 2 துடிப்பு என்றால் என்கெஃபலின், 100 என்றால் டைனார்பின். நடுமூளையில் நீர்க்கால்வாயைச் சூழ்ந்த சாம்பல் திசுவும் அதற்குக் கீழே முகுளமும் சேர்ந்து, தண்டுவடத்தின் பின்கொம்பில் ஏறிவரும் வலிச் சேதியை மேலிருந்தே அடக்குகின்றன.

இதுவரை சொன்னது வலியின் கதை. உளைச்சலின் கதை வேறிடத்தில் நடக்கிறது. நெற்றிக்குப் பின்னே, இரு அரைக்கோளங்களும் சந்திக்கும் உட்சுவரில் முன் சிங்குலேட் புறணி என்றொரு பகுதி உண்டு. தீராத வலிக்காக அங்கே அறுவை செய்துகொண்டவர்கள், "வலி இருக்கிறது, ஆனால் அது என்னைப் படுத்தவில்லை" என்ற பொருளில் பேசியது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. 1997இல் ரேன்வில் குழுவினர் அறிதுயிலில் இருந்தவர்களின் கையைச் சூடான நீரில் வைத்து, வேதனை கூடுவதாகவும் குறைவதாகவும் சொல்லிப் பார்த்தார்கள். சொல்லுக்கேற்ப மாறியது இந்தப் பகுதியின் இயக்கம்தான். வலியின் இடத்தையும் அளவையும் உணரும் புறணி பெரிதாக மாறவில்லை.

2012இல் வெளியான மேரிலேண்ட் பல்கலைக்கழக ஆய்வு நமக்கு மிக நெருக்கமானது. செத்த காசநோய்க் கிருமிகளை எண்ணெயில் கலந்த ஃப்ராய்ண்டு கலவையை எலியின் பின்னங்காலில் ஏற்றினால் கால் வீங்கிச் சிவக்கும். அழற்சி வலிக்கு இதுவே வழக்கமான மாதிரி. வலியோடு அடைபட்டுக் கிடந்த அறையை அந்த எலி பிறகு தவிர்க்கும். காலைச் சுண்டி இழுப்பது வலியின் அளவுகோல் என்றால், அறையைத் தவிர்ப்பது உளைச்சலின் அளவுகோல். மின் அக்குபங்சர் பெற்ற எலிகள் அந்த அறையைத் தவிர்க்கவில்லை. சிங்குலேட் புறணியின் முன்பகுதியிலுள்ள மியூ வகை அபினி ஏற்பிகளை அடைத்தபோது அந்தப் பலன் போய்விட்டது. ஆக, மின்துடிப்பு தண்டுவடத்தில் வாசலைச் சாத்துவதோடு, மேலே வீட்டுக்குள்ளும் ஒரு வேலை செய்கிறது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று வரும். 1978இல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும், பல் பிடுங்கியவர்களுக்கு வெற்று மருந்தால் கிடைத்த நிவாரணமும் நலாக்சோனால் குறைவதைக் கண்டார்கள். அப்படியானால் அபினி சுரப்பதை மட்டும் காட்டி ஊசியின் மகத்துவத்தை நிறுவ முடியாது. நம்பிக்கையும் அதே சுரப்பைத்தான் தூண்டுகிறது. 2006இல் ஜெர்மனியில் முழங்கால் தேய்மானத்துக்கு நடந்த பெருஞ்சோதனையில் உண்மை ஊசியும் போலி ஊசியும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. இரண்டும் வழக்கமான சிகிச்சையை மிஞ்சின. விக்கர்ஸ் குழுவினர் 2018இல் 20,827 நோயாளிகளின் தரவைத் தொகுத்தபோது போலியைவிட உண்மை ஊசி மேல் என்று தெரிந்தது, ஆனால் இடைவெளி சிறியது. எலிக்கு வைத்தியர்மேல் நம்பிக்கை கிடையாதே என்று கேட்கலாம். கிடையாதுதான், கட்டிப்போட்ட எலிக்குப் பயம் உண்டு, பயமும் வலியை மழுங்கடிக்கும்.

என்றாலும் இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, இடம் மாற்றுகிறது. மேலே சொன்ன ஜெர்மன் சோதனையில் ஊசி இருந்தது, மின்சாரம் இல்லை. ஆய்வகச் சான்றின் உயிரோ துடிப்பின் வேகத்தில் இருக்கிறது. 1991இல் ஹான் மனிதர்களின் தண்டுவட நீரில் இந்த வேக வேறுபாட்டை அளந்தபோது அவர் பயன்படுத்தியது ஊசியைக்கூட அல்ல, தோலில் ஒட்டும் மின்தட்டுகளை. நம் ஊரில் பிசியோதெரபிக்குப் போய்வருகிறவர்கள் "கரண்ட் வச்சுட்டு வந்தேன்" என்பார்களே, அதற்கு உறவான கருவிதான். விரலால் தொட்டாலே போதும் என்கிற அக்குபங்சர் தமிழ்நாட்டில் பரவலாக இருக்கிறது; அதற்கு இந்தச் சான்றுகளை இரவல் கொடுக்கக் கூடாது. அதேசமயம், எங்கே தொட்டாலும் ஒன்று என்பதும் சரியில்லை. 2021இல் மா சியூஃபு குழு சுண்டெலியின் பின்னங்காலில் மெல்லிய மின்துடிப்பு கொடுத்தபோது அட்ரீனல் சுரப்பி வழியாக அழற்சி தணிந்தது, வயிற்றில் கொடுத்தபோது தணியவில்லை. காரணம் அக்குபங்சர் மரபு பேசும் நாடி ஓட்டமன்று. இந்தத் தணிப்பைத் தூண்டும் நரம்பிழைகள் காலின் ஆழ்திசுவில் இருந்தன, வயிற்றில் அப்படி இல்லை.

தருமபுரிக்கு இது எவ்வளவு பொருந்தும்? 2006இல் தமிழ்நாட்டைப் புரட்டிய சிக்குன்குனியா விட்டுச்சென்ற மூட்டுவலி அழற்சி வலி. புளி தட்டும் மணிக்கட்டும் அந்த வகைதான். ஆனால் இம்மாவட்டத்தின் பழைய துயரம் நிலத்தடி நீரின் ஃப்ளூரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பு தடித்து, தசைநாண்களில் சுண்ணம் படிந்து, முதுகு மரக்கட்டையாகும். அங்கே கலவை ஏற்றிய எலியின் கால் நமக்கு வழிகாட்டாது. ஊசி அந்த உளைச்சலைச் சற்று ஆற்றலாம், எலும்பை இளக்காது. அதற்கு மருந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாயில்தான் வர வேண்டும்.

இந்திய அரசு 2003இல் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக அனுமதித்து, 2019இல் தனி மருத்துவ முறையாக ஏற்றது. ஏற்பு வந்த அளவுக்கு அளவீடு வரவில்லை. இண்டூர் போன்ற ஊரில் ஒரு சோதனை நடத்துவது பெரிய செலவில்லை. மாசி, பங்குனியில் மணிக்கட்டு வீங்கிய பெண்களை இரண்டு குழுவாகப் பிரிக்கலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது. இரு குழுவுக்கும் ஒரே வகை ஊசி, ஒரே வகைக் கருவி, எரியும் ஒரே பச்சை விளக்கு. ஒன்றில் மட்டும் மின்சாரம் ஓடும். பூஜ்யத்திலிருந்து பத்துவரை "வலி எவ்வளவு?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, அதே தாளில் இரண்டாவது கோடு ஒன்று போட்டு, "உளைச்சல் எவ்வளவு?" என்றும் கேட்க வேண்டும். இரண்டு கோடுகளும் சேர்ந்து இறங்குகின்றனவா, இரண்டாவது மட்டும் இறங்குகிறதா என்பதை அந்தப் பெண்களால் தெளிவாகச் சொல்ல முடியும்.