ஆசானின்றி வளர்ந்த கருவி

ஒரு கலை நிலைபெற வேண்டுமாயின் அதற்கு அரண்மனையின் ஆதரவும் கல்லூரியின் அரவணைப்பும் வேண்டும் என்பர். பொதுவாக அஃது உண்மையே. ஆயினும், அரண்மனை மறந்த பின்னரும், கல்லூரி கதவைத் திறவாத போதும், வாடாமல் வளர்ந்த கலைகள் சில உண்டு. கித்தார் இசை அவற்றுள் ஒன்றாகும்.

இன்று உலகில் கித்தார் ஒலி கேளாத நகரம் இல்லை எனலாம். அக்கருவியைப் பேணி வளர்த்த நாடு ஸ்பெயின். அந்நாட்டின் தலைநகராகிய மத்ரீத்தின் இசைக் கல்லூரியில் கித்தாருக்கென முதன்முதலாக ஒரு பேராசிரியர் அமர்த்தப்பட்டது 1935ஆம் ஆண்டில்தான். அவர் ரெகினோ சைன்ஸ் தெ லா மாசா என்பவர். கித்தார் இசை முதன்முதலில் அச்சேறியதோ 1546ஆம் ஆண்டில். இடைப்பட்ட ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் அக்கலையைக் காத்தவர் யாவர்? கற்க விழைந்தோர் யாரிடம் கற்றனர்? தாம் கற்றதனைச் சரியென்றும் பிழையென்றும் எவரிடம் காட்டித் தெளிந்தனர்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவது, எதையேனும் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் பயன் தருவதாகும்.

ஏடே ஆசான்

பதினாறாம் நூற்றாண்டின் ஸ்பெயினில் அரசவையோரும் செல்வரும் விரும்பிய கருவி விகுவேலா. உருவில் கித்தாரைப் போன்றது. ஆறு தந்தி இணைகளை உடையது. 1536ஆம் ஆண்டில் வலென்சியா நகரில் லூயிஸ் மிலான் என்னும் கலைஞர் அக்கருவிக்கான முதல் அச்சு நூலை வெளியிட்டார். அந்நூலின் பெயரே 'ஆசான்' என்னும் பொருளுடையது. இக்கருவியை முன்பு தொட்டே அறியாத மாணவனுக்கு ஓர் ஆசிரியர் எவ்வாறு படிப்படியாகக் கற்பிப்பாரோ, அவ்வாறே இந்நூல் கற்பிக்கும் என்பது மிலானின் நோக்கம். ஆகவே எளியனவற்றை முற்பகுதியிலும் அரியனவற்றைப் பிற்பகுதியிலும் வைத்தார். ஒவ்வொரு பாடலையும் விரைந்து இசைப்பதா, மெல்ல இசைப்பதா என்ற குறிப்பையும் சேர்த்தார். அச்சிட்ட இசை நூல்களில் இத்தகைய குறிப்பு இடம்பெற்றமைக்கு இதுவே மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று.

இந்நூலின் குறிப்பு முறையும் கருதத்தக்கது. ஆறு கோடுகள் ஆறு தந்திகளைக் குறித்தன. கோட்டின்மேல் எழுதிய எண் எந்த மெட்டில் விரலை அழுத்த வேண்டும் என்பதைக் காட்டியது. சுரத்தின் பெயர் அறியாதவனும் விரல் வைக்கும் இடத்தை அறிந்துகொள்ள இயன்றது. ஆசிரியர் அருகில் இல்லாத மாணவனுக்கு இதைவிடப் பெரிய துணை வேறில்லை. இன்றளவும் தாமே கித்தார் பயில்வோர் பெரும்பாலோர் நாடுவது இம்முறையின் வழிவந்த குறிப்பையே.

1536 முதல் 1576 வரையிலான நாற்பது ஆண்டுகளில் இத்தகைய விகுவேலா நூல்கள் ஏழு வெளிவந்தன. 1554இல் ஒரு நூலைப் படைத்த மிகேல் தெ ஃபுவென்யானா கண்பார்வையற்றவர். தாம் காண இயலாத குறிப்புகளைப் பிறர் கண்டு கற்கும் பொருட்டு அவர் உருவாக்கித் தந்தார். அலோன்சோ முதார்ரா 1546இல் வெளியிட்ட நூலிலேதான் நான்கு தந்தி இணைகளையுடைய சிறிய கித்தாருக்கான பாடல்கள் முதன்முதலாக அச்சில் இடம்பெற்றன.

அவையின் கருவியாகிய விகுவேலா காலப்போக்கில் மறைந்தது. தெருவின் கருவியாகிய கித்தார் நிலைத்தது. 1596இல் ஹுவான் கார்லெஸ் அமத் என்னும் மருத்துவர் ஐந்து இணைத் தந்திக் கித்தாரைக் கற்பிக்கும் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். சுரக்கூட்டுகளை அமைத்துத் தந்திகளை ஒருசேர மீட்டிப் பாட்டுக்குத் துணையாக்கும் வழியை அது கூறியது. எளிய மக்கள் அந்நூலை விரும்பினர். அடுத்த இரு நூற்றாண்டுகளிலும் அது மீண்டும் மீண்டும் அச்சாயிற்று.

கற்றோர் இதனை விரும்பினார் அல்லர். 1611இல் வெளிவந்த ஸ்பானிய அகராதி ஒன்றில் அதன் ஆசிரியர் கோவர்ரூபியாஸ் மனம் நொந்து எழுதினார். கித்தார் வந்த பின்னர் விகுவேலா பயில்வோர் அருகிவிட்டனர் என்றும், மாட்டின் கழுத்து மணிக்கு மேலான பெருமை கித்தாருக்கு இல்லையென்றும், குதிரைக் கொட்டிலில் வேலை செய்யும் பையனும் அதில் வல்லவனாகிவிடுகிறான் என்றும் பொருள்பட அவர் குறைபட்டுக்கொண்டார். அவர் இகழ்ச்சியாகச் சொன்ன அந்தக் கடைசிச் செய்தியே கித்தாரின் பெருமை என்பதைப் பிற்கால வரலாறு காட்டிற்று. யாரும் தொடங்கலாம் என்ற அந்த எளிமைதான் அதனைக் காத்தது.

நகமா, விரல்நுனியா?

எளிதில் தொடங்கலாம் என்றாலும் எளிதில் முற்றும் என்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கித்தார் ஆறு தனித் தந்திகளைக் கொண்ட வடிவத்தைப் பெற்றது. அதன் பின்னர்த் தோன்றிய பயிற்சி நூல்கள் கடும் உழைப்பைக் கோரின. இத்தாலியரான மௌரோ ஜூலியானி 1812இல் வியன்னா நகரில் தம் பயிற்சி நூலை வெளியிட்டார். அதன் முதற்பகுதியில் வலக்கைக்கென 120 பயிற்சிகள் உள்ளன. வியப்பு யாதெனில், அவை அனைத்தும் இரண்டே சுரக்கூட்டுகளின்மேல் அமைந்தவை. இடக்கைக்கு வேலையைக் குறைத்து, வலக்கை விரல்களின் வரிசையை மட்டும் 120 வகையாக மாற்றி மாற்றிப் பழக்கினார். ஒரு நேரத்தில் ஒரு தடையையே கடக்கச் செய்தல் நல்லாசிரியரின் இயல்பு; அதனை அந்நூலில் காணலாம்.

பார்சலோனாவில் 1778இல் பிறந்து பாரிஸ் நகரில் 1839இல் மறைந்த ஃபெர்னாந்தோ சோர் வேறு வகையினர். 1830இல் அவர் வெளியிட்ட பயிற்சி நூல், செய்யென்று கட்டளையிடுவதைக் காட்டிலும் ஏன் செய்ய வேண்டும் என்று காரணம் கூறுவதிலேயே நாட்டம் கொண்டது. கருவியைப் பிடிக்கும் முறை, கை வளையும் கோணம், விரல் தந்தியைத் தொடும் இடம் ஆகிய அனைத்திற்கும் அவர் காரணம் தேடினார். பொறுமையற்ற மாணவரால் அவர் பட்ட துன்பமும் சிறிதன்று. எளிய பாடல்களையே கேட்டுத் தொல்லை தந்தவர்களுக்காக ஆறு சிறு பாடல்களை இயற்றி, 'இதுதானா என்று பார்ப்போம்' எனப் பெயரிட்டு, பொறுமை மிகக் குறைந்தவர் எவரோ அவருக்கே அதனை உரிமையாக்கினார்! ஆயினும் சினம் தணிந்தபின், தம் இறுதிக் காலத்தில், தொடக்க மாணவருக்கென இருபத்தைந்து பாடங்களைப் பொறுமையுடன் எழுதித் தந்தார்.

அவரோடு பாரிஸில் ஒரே விடுதியில் தங்கியிருந்தவர் மத்ரீத்தைச் சேர்ந்த தியோனிசியோ அகுவாதோ. சோர் விரல்நுனியின் சதையால் மீட்டினார். அகுவாதோ நகத்தால் மீட்டினார். நகத்தின் ஒலி வறண்டது என்பது சோரின் கருத்து. நகம் தெளிவும் விரைவும் தரும் என்பது அகுவாதோவின் கருத்து. இருவரும் தத்தம் நூல்களில் மற்றவரைப் பெருமையுடன் குறிப்பிட்டு, கருத்து வேறுபாட்டையும் மறையாது எழுதினர். தொடக்கத்திலிருந்து மீண்டும் பயில்வதாயின் நகமின்றியே பயில்வேன் என அகுவாதோ தம்மிடம் ஒப்புக்கொண்டதாகச் சோர் எழுதியுள்ளார். ஆனால் 1843இல் வெளிவந்த நூலில் அகுவாதோ நகத்தையும் சதையையும் சேர்த்துப் பயன்படுத்துவதன் சிறப்பையே விளக்கினார். கருத்தில் மாறுபட்ட இருவரும் சேர்ந்து இசைப்பதற்கெனச் சோர் இயற்றிய பாடலின் பெயர் 'இரு நண்பர்கள்' என்பதாகும். ஒருவர் பயிற்சியை மற்றொருவர் அருகிருந்து கேட்டு, குறையைச் சொல்லி, நிறையையும் போற்றிய இந்நட்பே கித்தார் உலகின் முதற்பெரும் கருத்தரங்கு எனத் தகும்.

சங்கங்களும் இதழ்களும்

சோரும் ஜூலியானியும் மறைந்த பின்னர் ஐரோப்பாவில் கித்தாரின் செல்வாக்குக் குன்றியது. பியானோவின் பேரோசைக்கு முன் கித்தாரின் மெல்லொலி எடுபடவில்லை. பெரிய அரங்குகள் அதனை நாடவில்லை. அக்காலத்தில் கித்தாரைத் தாங்கி நின்றவர்கள் தொழில்முறைக் கலைஞர்களினும் மிகுதியாக, பகலில் வேறு பணி செய்து இரவில் தந்தி மீட்டிய அன்பர்களே.

1833இலேயே லண்டனில், மறைந்த ஜூலியானியின் பெயரால் கித்தாருக்கென ஓர் இதழ் தோன்றியது. அது நெடுநாள் வாழவில்லை. 1899இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பன்னாட்டுக் கித்தார்ச் சங்கம் அமைந்து, அதன் சார்பில் இதழும் வெளிவந்தது. ஸ்பெயினில் பிரான்சிஸ்கோ தாரெகா பயிற்சி நூல் எதனையும் எழுதாமலே 1909இல் மறைந்தார். எனினும் அவர் மாணவர்கள் கேட்டதையும் கண்டதையும் நெஞ்சில் ஏந்தி வந்தனர். அவர்களுள் ஒருவரான எமிலியோ புஹோல் 1934 முதல் அவற்றை நூல்களாக வகுத்தளித்தார். தாரெகா தம் பிற்காலத்தில் நகத்தைக் கைவிட்டவர். புஹோலும் அவ்வழியினரே. சோரும் அகுவாதோவும் தொடங்கிய வழக்கு ஒரு நூற்றாண்டு கடந்தும் தீரவில்லை.

1929இல் லண்டனிலும் 1936இல் நியூயார்க்கிலும் சங்கங்கள் தோன்றின. நியூயார்க்குச் சங்கம் 1946இல் ஓர் இதழைத் தொடங்கியது. இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரிலிருந்து 1951 முதல் 1973 வரை வெளிவந்த சிற்றிதழ் ஒன்று பல நாட்டுச் சங்கங்களின் செய்திகளையும் தாங்கி வந்தது. தனியறையில் தடுமாறிக்கொண்டிருந்த கற்போன் ஒருவனுக்கு, கடல் கடந்த ஊரிலும் தன்னைப் போல் ஒருவன் தடுமாறுகிறான் என்று அறிவதே ஊக்கமாயிற்று.

இத்தொடர்பால் விளைந்த நன்மைகளுள் ஒன்று தந்தியைப் பற்றியது. அதுகாறும் கித்தாரின் மேல் தந்திகள் விலங்கின் குடலைத் திரித்துச் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது குடற்சரடு அறுவை மருத்துவத்துக்குத் தேவைப்பட்டதால் தந்திக்குப் பஞ்சம் ஏற்பட்டது. நியூயார்க்கில் கித்தார் செய்துவந்த ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் இழையால் தந்தி செய்ய முயன்றார். புகழ்பெற்ற கலைஞரான ஆந்த்ரேஸ் செகோவியா அதனை மீட்டிப் பார்த்து ஆதரித்தார். எளிதில் அறுந்துபோகும் குடல் தந்திக்கு மாற்றாக உறுதியான தந்தி உலகெங்கும் பரவியது. ஏழை மாணவனின் செலவும் குறைந்தது.

செகோவியாவே தனிப்பயிற்சியின் உச்சிக்கு எடுத்துக்காட்டு. 1893இல் பிறந்து 1987இல் மறைந்த அவர், தமக்குத் தாமே ஆசிரியரும் மாணவருமாக இருந்ததாகக் கூறுவது வழக்கம். எனினும் அவரும் தாம் கண்டறிந்ததைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. சோரின் பயிற்சிகளுள் இருபதைத் தேர்ந்து 1945இல் பதிப்பித்தார். நாள்தோறும் பழகத்தக்க சுரவரிசைகளை 1953இல் வெளியிட்டார்.

ஒரு சுரக்கூட்டைத் தேடி

இதழும் சங்கமும் எட்டாத இளைஞரும் இருந்தனர். 1956இல் லானி டோனகன் பாடிய பாட்டொன்று பிரிட்டனில் பரவியதும், ஆயிரக்கணக்கான சிறுவர் மலிவான கித்தார்களை வாங்கினர். 1957இல் பெர்ட் வீடன் எழுதிய, ஒரே நாளில் வாசிக்கலாம் என்று நம்பிக்கையூட்டும் பயிற்சி நூல் அவர்களிடையே பெரிதும் விற்பனையாயிற்று.

அதே ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள் லிவர்பூலின் ஊல்ட்டன் பகுதியில் நடந்த தேவாலய விழாவில் இரு சிறுவர் சந்தித்தனர். மூத்தவன் ஜான் லெனன். தன் தாய் கற்பித்த பாஞ்சோ முறையிலேயே கித்தாரை மீட்டியவன். இளையவன் பால் மக்கார்ட்னி. கித்தாருக்குச் சுருதி சேர்க்கத் தெரிந்தவன். தெரிந்தவன் தெரியாதவனுக்குக் கற்பித்தான். தமக்குத் தெரியாத ஒரு சுரக்கூட்டை அறிந்தவர் நகரின் மறுகோடியில் இருக்கிறார் என்று கேள்வியுற்று, பேருந்தேறிச் சென்று கற்றுத் திரும்பியதை மக்கார்ட்னி பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். பின்னர் பீட்டில்ஸ் குழுவாக உலகை ஆண்டவர்கள் ஒரே ஒரு சுரக்கூட்டுக்காகப் பேருந்தில் சென்றவர்களே.

தமிழகத்திலிருந்தும் ஒரு சான்று உண்டு. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் இசை பயின்ற இளையராஜா, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் செவ்வியல் கித்தார்த் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். கடலுக்கு அப்பாலுள்ள கல்லூரியின் அளவுகோலைச் சென்னையில் இருந்துகொண்டே எட்டிப் பிடித்தமை உழைப்பின் வெற்றியாகும்.

திறந்த கதவு

இறுதியாக, கல்லூரிக் கதவு திறந்த செய்தியைக் காண்போம். லண்டன் கித்தார்ச் சங்கத்தின் நிழலில் வளர்ந்த சிறுவன் ஜூலியன் பிரீம். 1947இல், பதின்மூன்றாம் வயதில், செல்ட்டனத்தில் தனி இசை நிகழ்ச்சி நடத்தினார். ஆனால் ராயல் இசைக் கல்லூரியில் அவர் பயின்றது பியானோவே. கித்தாருக்கு அங்கு அன்று இடமில்லை. ஆஸ்திரேலியாவில் பிறந்து, தந்தையிடம் கித்தார் கற்ற ஜான் வில்லியம்ஸ் 1956 முதல் 1959 வரை அதே கல்லூரியில் பயின்றபோதும் நிலைமை அதுவே. அவரும் பியானோவே பயின்றார். படிப்பு முடிந்தவுடன், புதிதாகத் தொடங்கப்பெற்ற கித்தார்த் துறையை முதல் இரண்டாண்டுகள் நடத்தும் பொறுப்பு அவரிடமே அளிக்கப்பட்டது. தாம் மாணவராகப் பயில முடியாத பாடத்தை அவர் ஆசிரியராக அங்கே தொடங்கி வைத்தார்.

கல்லூரி அக்கலையை உயிர்ப்பிக்கவில்லை. உயிரோடிருந்த கலையை ஏற்றுக்கொண்டது. அதுவரை அதனை உயிரோடு வைத்திருந்தவை மிலானின் ஏடும், இரு நண்பர்களின் வாதமும், சிற்றூர்ச் சங்கங்களின் மாலைக் கூட்டங்களும், லிவர்பூல் பேருந்துகளுமே. நிறைவடைந்த பின்னரே பிறர்முன் காட்டுவேன் என்று அவர்களுள் யாரும் காத்திருக்கவில்லை. பாதி கற்றவன் கால்பங்கு கற்றவனுக்குக் காட்டினான். முழுதும் கற்றவன் இருவர்க்கும் எழுதி வைத்தான். தடுமாற்றத்தை மறைத்தவன் தனித்து நின்றான். அதனைப் பகிர்ந்தவன் துணை பெற்றான். மொழியாயினும் இசையாயினும், நிறுவனத்தின் துணை குறைந்த இடங்களில் கற்பிக்கவும் கற்கவும் முனைவோர் இவ்வரலாற்றை நினைவிற் கொள்வாராக.