காஞ்சியில் கோயில் கோட்டையான வரலாறு

காஞ்சிபுரத்தின் மேற்கு ஓரத்தில், பிள்ளையார்பாளையத்து வீடுகளின் தறிச்சத்தம் தேய்ந்து அடங்கும் இடத்தில் கைலாசநாதர் கோயில் இருக்கிறது. வருபவர்கள் திருச்சுற்றைச் சூழ்ந்த 58 சிற்றாலயங்களையும், சுதைக்குள் ஒளிந்திருக்கும் பழைய ஓவியத் துணுக்குகளையும், யாளித் தூண்களையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். முகமண்டபத்துத் தூண் ஒன்றின் பின்பக்கத்தை எட்டிப் பார்ப்பவர் அரிது. மண்டபத்தையும் விமானத்தையும் இணைக்கப் பிற்காலத்தில் எழுப்பிய சுவரை ஒட்டி, அந்தப் பின்பக்கத்தில் பழங்கன்னட எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதை வெட்டச் செய்தவன் பல்லவனல்லன். பல்லவரின் பரம்பரைப் பகைவனான வாதாபிச் சளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன்.

இந்தத் தூணில் தொடங்கி நகரைக் குறுக்காகக் கிழக்கு நோக்கி நடந்து, பிறகு வண்டியேறி வடக்கே புள்ளலூர் வரை போனால், ஆயிரம் ஆண்டுப் போர் வரலாற்றை ஒரே நாளில் பார்த்துவிடலாம். வழியில் ஒரு கேள்வி கூடவே வருகிறது. 8ஆம் நூற்றாண்டில், வென்றவன் வணங்கிப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன இடம் கோயில். 18ஆம் நூற்றாண்டில் அதே ஊரின் கோயிலைப் படைகள் சுட்டுப் பிடித்தன. இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். பல்லவர் தலைநகரைப் பார்க்க வருபவர் அரண்மனையைத் தேடினால் ஏமாந்துதான் போவார். அரசர்கள் வாழ்ந்த மாளிகைகள் செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை. ஊருக்குள் பல்லவர்மேடு என்று ஒரு மேடு உண்டு; தொல்லியல் துறை அங்கே அகழ்ந்திருக்கிறது. அரண்மனை இருந்த இடம் அதுதான் என்பது ஊரார் நம்பிக்கை. சோழர் காலத்திலும் இங்கே அரச மாளிகை இருந்தது. இரண்டாம் பராந்தகனான சுந்தர சோழன் காஞ்சியின் பொன்மாளிகையில் இறந்ததால் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ என்று கல்வெட்டுகளில் பெயர் பெற்றான். மாளிகை மறைந்தது, அந்தப் பெயர்தான் எஞ்சியது. ஆகவே காஞ்சியில் அரசைப் பற்றிய சான்றுகளை நாம் கோயில்களில்தான் தேட வேண்டியிருக்கிறது. போரைப் பற்றிய சான்றுகளும் அங்கேயே கிடைக்கின்றன.

பல்லவ - சளுக்கியப் பகை 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூண்டது. 634-35இல் ரவிகீர்த்தி பாடிய ஐஹொளெக் கல்வெட்டு, இரண்டாம் புலிகேசி பல்லவ வேந்தனைக் காஞ்சியின் மதிலுக்குள் ஒடுங்கச் செய்தான் என்கிறது. பல்லவரின் காசாக்குடிச் செப்பேடோ, முதலாம் மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை அழித்தான் என்கிறது. இரு தரப்பும் வெற்றி கொண்டாடியதைப் பார்த்தால், நகருக்கு வெளியே போர் நடந்ததும், நகர் கைமாறாததும் உண்மையாக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் காஞ்சிக்கு அரணாக நின்றது நகர மதில் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். கோயிலுக்கு அந்த வேலை இல்லை. மகேந்திரனின் மகன் முதலாம் நரசிம்மவர்மன் 642 வாக்கில் வாதாபியையே பிடித்து, அங்கே பாறையில் தன் வெற்றியைப் பொறித்தான். ஏறக்குறைய நூறாண்டு கழித்து விக்கிரமாதித்தன் காஞ்சிக்கு வந்தபோது, அந்தப் பாறை எழுத்து அவன் தலைநகரிலேயே இருந்தது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு கைலாசநாதர் தூணைப் படித்தால்தான் அதன் எடை புரியும்.

கோயிலைக் கட்டியவன் ராஜசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன். காலம் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அடித்தளத்துக்குக் கருங்கல், மேலே மணற்கல். அரசனின் விருதுப்பெயர்கள் சிற்றாலயங்களின் சுவரெங்கும் வரிவரியாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஓர் அரசன் தன் பெயரைக் கோயிலோடு இதைவிட நெருக்கமாகப் பின்னிவைக்க முடியாது. கோயிலின் பெயரே ராஜசிம்ம பல்லவேச்சுரம். பகைவன் அவமதிக்க வேண்டுமென்று நினைத்திருந்தால் இதைவிட எளிதான இலக்கு கிடைத்திருக்காது. ஆனால் விக்கிரமாதித்தனின் கல்வெட்டு சொல்வது வேறு: காஞ்சியை வென்ற அவன் ராஜசிம்மேச்சுரத்துச் செல்வத்தைப் பார்த்தான்; கவரவில்லை; தெய்வத்துக்கே திருப்பிக் கொடுத்தான். இந்த எழுத்தையும் அறத்தையும் அழிப்பவர், இந்நகரத்துக் கடிகையாரைக் கொன்றவர் போகும் உலகுக்குப் போவார் என்று சாபத்தோடு முடிகிறது. கடிகையார் என்போர் காஞ்சியின் கல்விக்கழகத்துச் சான்றோர். வென்ற அயலரசன், தோற்ற ஊரின் அறிஞர்களைக் கொல்வதையே பெரும் பாவத்துக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்கிறான். எனக்கு இந்த ஒரு வரி கல்வெட்டின் மற்ற எல்லா வரிகளையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

இதை வெறும் பெருந்தன்மை என்று எழுதிவிட்டுப் போவது ஆய்வாகாது. அவன் மகன் இரண்டாம் கீர்த்திவர்மனின் கேந்தூர்ச் செப்பேடு, காஞ்சியிலிருந்து இசைக்கருவிகளும் கொடியும் யானைகளும் மாணிக்கக் குவியலும் கொண்டுபோனதைப் பெருமையோடு பட்டியலிடுகிறது. அரசனுடையதை எடுத்தான், தெய்வத்துடையதைத் தொடவில்லை என்பதே அதன் சாரம். கோயில் பொருளைத் திருப்பிக் கொடுத்தவன் தோற்றவனைவிட உயர்ந்த புரவலனாகிறான். அதைத் தோற்றவன் குலத்து அரசன் கட்டிய தூணிலேயே எழுதுகிறான். வாதாபிப் பாறைக்கு இதைவிடக் கூர்மையான பதில் இருக்க முடியாது. விக்கிரமாதித்தனின் அரசி லோகமாதேவி பட்டதகல்லில் கட்டிய விருபாட்சர் கோயிலில் கைலாசநாதரின் சாயல் இருப்பதைக் கலை வரலாற்றாசிரியர்கள் பலர் சுட்டியிருக்கிறார்கள். படையெடுத்துப் போனவர்கள் திரும்பும்போது கட்டடக் கலையையும் நினைவில் சுமந்துபோயிருக்கிறார்கள்.

கோயிலை விட்டு வெளியே வந்தால் நடைவழியில் ஏகாம்பரநாதர் கோயில் முதலில் வரும். காலவரிசை கெடாதிருக்க அதைத் தாண்டிக் கிழக்கே வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புவது நல்லது. பரமேச்சுர விண்ணகரம் எனப்படும் இதைக் கட்டியவன், விக்கிரமாதித்தனிடம் காஞ்சியை இழந்து மீண்ட இரண்டாம் நந்திவர்மன். திருச்சுற்றின் சிங்கத் தூண்களுக்குப் பின்னால், சுவர் முழுவதும் பல்லவர் வரலாறு சிற்பமாக ஓடுகிறது: முடிசூட்டு, தூது, யானைப்படை, குதிரைப்படை, கோட்டை முற்றுகை. அரசுரிமைக்கு வாரிசில்லாமல் போனபோது இரணியவர்மனின் மைந்தர் நால்வரில் மூவர் மறுக்க, 12 வயதான பல்லவமல்லன் முன்வந்ததைச் சிற்பத்தின் கீழே வெட்டிய எழுத்துகளே சொல்கின்றன. இந்தச் சிற்பங்களை வரிசைப்படுத்தி முதன்முதலாக விரிவாக ஆராய்ந்தவர் சி. மீனாட்சி, 1940இல் அவர் மறைந்த பிறகு, 1941இல் அந்நூல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. மணற்கல் பொரிந்து உதிர்வதைப் பார்க்கும்போது, அவர் நின்று குறிப்பெடுத்த காலத்தில் எவ்வளவு தெளிவாக இருந்திருக்கும் என்று ஏக்கம் வருகிறது. போர் இங்கே சுவரில் இருக்கிறது. சுவரே போர்க்களமாகும் காலம் இன்னும் வரவில்லை.

அடுத்த சில நூற்றாண்டுகளை விரைந்து கடக்கலாம். 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் ஆதித்தன் தொண்டைமண்டலத்தைச் சோழநாட்டோடு சேர்த்தான். 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ, இராட்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணன் ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ என்ற பட்டத்தைச் சூடினான். இங்கே நெசவாளரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சோழர் படைப்பிரிவுகளில் ‘தெரிந்த கைக்கோளர்’ என்ற பெயருடையவை பல இருந்தன. சமரகேசரித் தெரிந்த கைக்கோளர் என்பது அவற்றில் ஒன்று. கைக்கோளர் என்பது பிற்காலத்தில் நெசவுச் சமூகத்தின் பெயராக நிலைத்தது. பட்டாளத்துக்கும் பட்டுத்தறிக்கும் இடையே இந்தப் பெயர் ஓடிய வழியைப் பற்றி அறிஞர் கருத்து ஒன்றாக இல்லை. ஆனாலும் பிள்ளையார்பாளையத்தில் கோர்வைப் புடவைக்குப் பாவு நீட்டுபவர்களைக் கடந்து வந்த ஒருவருக்கு, அந்தப் பெயரைக் கல்வெட்டில் படிக்கும்போது மெய்சிலிர்க்காமல் இருக்காது.

மாற்றத்தின் முதல் படி விசயநகர காலத்தில் நிகழ்ந்தது. 1481இல் பாமினி சுல்தான் மூன்றாம் முகமது நெடுந்தொலைவு விரைந்து வந்து காஞ்சிக் கோயில்களைச் சூறையாடினான். பிறகு பெருங்கட்டுமானம் தொடங்கியது. கிருஷ்ணதேவராயர் 1509இல் எழுப்பிய ஏகாம்பரநாதர் ராஜகோபுரம் ஏறக்குறைய 58 மீட்டர் உயரம். வெளிமதிலுக்குள் 20 ஏக்கருக்கும் மேலான நிலம். கைலாசநாதரின் திருச்சுற்றோடு ஒப்பிட்டால் அளவே வேறு. இவற்றைக் கட்டியது திருவிழாவுக்கும் பெருங்கூட்டத்துக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு தளபதியின் கண்ணோடு பாருங்கள்: நான்கு புறமும் கருங்கல் மதில், தொலைவிலேயே பகைவர் வரவைக் காட்டும் கோபுரம், ஓராயிரம் பேர் தங்கும் மண்டபம், வற்றாத குளம், நெல் சேமிக்கும் களஞ்சியம். ஊர் மதில் அழிந்து, ஆற்காடு தலைநகரமாகி, சென்னையிலிருந்து ஆற்காடு போகும் சாலையில் காஞ்சி ஒரு தங்கலாகச் சுருங்கியபோது, ஊரில் எஞ்சிய வலுவான மதில் கோயில் மதில்தான்.

இரண்டாம் படி மனத்தளவிலானது. 1687இல் கோல்கொண்டா வீழ்ந்து முகலாயப் படைகள் கர்நாடகப் பகுதிக்குள் இறங்கின. 1688இல் வரதராஜப் பெருமாளின் உற்சவத் திருமேனியை மறைவாக உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோனார்கள். காமாட்சி அம்மன் கோயிலின் பங்காரு காமாட்சியும் அப்படித்தான் வெளியேறினாள்; அவள் தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டாள். வரதர் 1710இல் திரும்பினார். திருப்பித் தர உடையார்பாளையத்து ஆட்சியாளர் இசையாதபோது, ஆத்தான் ஜீயர் வேண்டியதன் பேரில் லாலா தோடர்மால் தன் படையோடு போய் மீட்டு வந்ததைக் கோயில் கல்வெட்டே சொல்கிறது. சின்னக் காஞ்சியிலுள்ள வரதராஜர் கோயிலில் தோடர்மால் குடும்பத்தோடு கைகூப்பிச் சிலையாக நிற்கிறார். வென்றவன் வந்தால் வணங்குவான் என்று விக்கிரமாதித்தன் காலத்தில் நம்பியிருக்கலாம். 1688இல் காஞ்சியின் அர்ச்சகர்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை.

மூன்றாம் படியை ஆங்கில - பிரெஞ்சுப் போட்டி எடுத்துவைத்தது. 1751 ஆகஸ்ட் 26இல் சென்னையிலிருந்து 200 ஐரோப்பியரோடும் 300 சிப்பாய்களோடும் புறப்பட்ட ராபர்ட் கிளைவ், 29ஆம் தேதி காஞ்சியில் தங்கி ஆற்காட்டைப் பிடித்தான். அங்கே அவனைச் சூழ்ந்த முற்றுகை முடிந்த பின் பிரெஞ்சுத் தரப்புப் படை காஞ்சிப் பெரிய கோயிலுக்குள் அரண் அமைத்திருந்தது. அக்காலத்து ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் பெரிய கோயில் என்று மட்டுமே எழுதுகிறார். இடத்தையும் அளவையும் பார்த்தால் ஏகாம்பரநாதர் கோயில் என்று கொள்வதே பொருந்துகிறது. ரெவல், கிளாஸ் என்ற இரண்டு ஆங்கில அதிகாரிகள் உள்ளே கைதிகள். கோயிலைத் தாக்கினால் இவர்களை மதில்மேல் நிறுத்துவோம் என்று கிளைவுக்கு எழுதும்படி அவர்களையே வற்புறுத்தினார்கள். எழுதினார்கள், எங்களுக்காகத் தாக்குதலை நிறுத்த வேண்டாம் என்றும் சேர்த்து எழுதினார்கள். சென்னையிலிருந்து பெரிய பீரங்கிகள் வந்தன. மூன்று நாள் மதிலை இடித்தன. இரவோடு இரவாக உள்ளிருந்தவர்கள் ஓடிப்போனார்கள். கிளைவ் அரண்களைக் குலைத்துவிட்டுப் போனான். 1757இல் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி கோயிலைத் தாக்கினார்கள். பிடிக்க முடியாமல் ஊருக்குத் தீ வைத்தார்கள். எரிந்தவற்றில் நெசவாளர் வீடுகள் எத்தனை என்று எந்தப் படைக் குறிப்பும் கணக்கு வைக்கவில்லை. இதே கிளைவ் வரதராஜருக்கு மகரகண்டி என்ற அணியைக் காணிக்கையாகக் கொடுத்தான் என்பது சின்னக் காஞ்சியின் வழக்கு. விக்கிரமாதித்தன் கொடை அரசின் செயல். இந்த அணி ஒரு தனி மனிதனின் காணிக்கை. அரசும் கோயிலும் எவ்வளவு விலகிப் போயிருந்தன என்பதை இந்த ஒப்பீடு காட்டும்.

1780 ஜூலையில் மைசூரின் ஹைதர் அலி மலைக்கணவாய்களைக் கடந்து இறங்கியபோது, ஆங்கிலத் தளபதி ஹெக்டர் மன்றோ 5,000க்கும் மேற்பட்ட படையோடு காஞ்சியில் முகாமிட்டார். குண்டூரிலிருந்து வந்த கர்னல் வில்லியம் பெய்லி அவரோடு சேர வேண்டும். செப்டம்பர் 6இல் பெரம்பாக்கம் அருகே ஹைதரின் மகன் திப்பு அவரை மறித்தார். 10ஆம் தேதி புள்ளலூரில் ஹைதரின் முழுப்படையும் பெய்லியைச் சூழ்ந்தது. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின; ஏறக்குறைய 3,800 பேர் கொண்ட படை அழிந்தது; பெய்லி பிடிபட்டு 1782இல் சீரங்கப்பட்டினத்துச் சிறையில் இறந்தார். போர்க்களத்துக்கு மிக அருகில் நின்றும் மன்றோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. மறுநாள் கனமான பீரங்கிகளை ஊரின் பெரிய குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். திப்பு இந்த வெற்றியைச் சீரங்கப்பட்டினத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாக்கினார். நரசிம்மவர்மன் வாதாபியில் பாறையில் எழுதியதும், நந்திவர்மன் வைகுந்தப் பெருமாள் சுவரில் செதுக்கியதும் போன்றதே அதுவும். ஆனால் அதற்கு ஒரு கோயில் தேவைப்படவில்லை.

புள்ளலூருக்குக் காஞ்சியிலிருந்து வண்டியில் போக வேண்டும். மகேந்திரன் பகைவரை அழித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்லும் அதே ஊர்ப்பெயர்; இரண்டும் ஒரே இடம் என்பது பலர் ஏற்ற கருத்து. 1781 ஆகஸ்ட் 27இல் ஆங்கிலத் தளபதி ஏர் கூட்டும் ஹைதரும் இங்கேயே மறுபடி மோதினார்கள். வயல்வெளியில் நிற்கும் இரண்டு கூர்நுனித் தூண்கள் அந்த நாளில் இறந்த ஜார்ஜ் பிரவுன், ஜேம்ஸ் ஹிஸ்லாப் என்ற இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கானவை. அன்று இரு தரப்பிலும் போரிட்டவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணின் சிப்பாய்கள். சோழர் கல்வெட்டுகளில் கைக்கோளப் படைப்பிரிவின் பெயராவது இருக்கிறது. இந்தத் தூண்களில் இரண்டு பெயர்கள்தான்.