பொதுவுடைமை

பொது + உடைமை. பலர் ‘உடமை’ என்று எழுதுகிறார்கள். ‘உடை’ என்ற அடியிலிருந்து பிறந்ததால் ‘உடைமை’ என்பதே சரி. உடையவர், உடையார் எல்லாம் இதன் உறவுகள். திருக்குறளின் அதிகாரத் தலைப்புகளில் அன்புடைமை, அடக்கமுடைமை, அறிவுடைமை, பண்புடைமை என்று இச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அத்தலைப்புகளில் ஒன்றுகூடச் சொத்தைக் குறிக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

இருபதாம் நூற்றாண்டில் கம்யூனிசத்துக்கு ஈடாகப் ‘பொதுவுடைமை’ என்ற சொல் நிலைபெற்றது. 1923 மே 1 அன்று சென்னையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் போன்றோர் அக்கொள்கையைத் தமிழில் பரப்பினர்.

‘யாருக்கும் எதுவும் சொந்தமில்லை’ என்று பொதுவுடைமைக்குப் பொருள் சொல்வது தவறு. உடைமை உண்டு, அது எல்லாருடையது. எடுத்துக்காட்டாக, கோடையில் கண்மாய் வற்றியதும் பாண்டி நாட்டுக் கிராமங்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் துண்டை வீசித் தொடங்கி வைத்ததும் ஊத்தா, கச்சா முதலிய மீன்பிடிக் கருவிகளோடு ஊரே சேற்றில் இறங்கும். பண்ணையார் வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் துழாவுவார்கள். அந்தக் கண்மாயை ஊர்க்காரர்கள் ‘நம்ம கண்மாய்’ என்பார்கள். அந்த ‘நம்ம’தான் பொதுவுடைமையின் ‘பொது’.