இன்றியமையாதது எது?

1887 பிப்ரவரியில், வறட்சியில் வாடிய டெக்சாஸ் உழவர்களுக்கு விதை வாங்க 10,000 டாலர் ஒதுக்கும் மசோதாவை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லேண்ட் நிராகரித்தார். துயர்ப்பட்டவர்களுக்கு உதவுவது அரசின் கடமையல்ல, சக குடிமக்களின் ஈகை என்பது அவர் வாதம். அந்த ஈகையைத் தோளில் சுமந்தவர்கள் யார் என்று தேடினால் பெண்களையே அதிகம் காண்கிறேன்.

அதே வறட்சியை நேரில் பார்த்து மக்களிடம் உதவி கேட்டவர், 1881இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய கிளாரா பார்ட்டன். 1889இல் ஜான்ஸ்டவுன் வெள்ளத்தில் 2,200க்கும் மேற்பட்டோர் இறந்தபோது ஐந்து மாதம் அங்கே தங்கிப் பணியாற்றினார். 1893இல் தென் கரோலினாவின் கடல் தீவுகளைப் புயல் அழித்தது. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் அடிமைத்தளையிலிருந்து மீண்ட கறுப்பின மக்கள். அந்தத் தீவுப் பெண்கள் தையல் குழுக்களாகக் கூடி, நன்கொடையாக வந்த துணிகளைச் செப்பனிட்டார்கள். பார்ட்டனின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. தைத்த கைகளின் பெயர்கள் நிற்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் அரசு மெல்லப் பொறுப்பேற்றது. 1988ஆம் ஆண்டின் ஸ்டாஃபோர்டு சட்டப்படி, இடிந்த கட்டடத்தைச் சீரமைக்கத் தொண்டு நிறுவனமும் ஃபீமா என்னும் பேரிடர் முகமையிடம் நிதி கேட்கலாம். லாப நோக்கற்றது என்பதற்குச் சான்று வேண்டும். கட்டடம் சொந்தமாக இருக்க வேண்டும், அல்லது பழுதுபார்க்கும் சட்டப் பொறுப்பு எழுத்தில் இருக்க வேண்டும். சேவை பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். இடத்தில் பாதிக்கு மேல் அந்தச் சேவைக்கே பயன்பட வேண்டும். பகுதி அறிவிக்கப்பட்ட 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தகுதி கிடைத்தால் செலவில் குறைந்தது 75 விழுக்காட்டைக் கூட்டரசு ஏற்கும்.

இதில் ஒரு படிநிலை இருக்கிறது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் சில சேவைகளை மட்டும் 'இன்றியமையாதவை' என்று பிரித்தது: மின்சாரம், குடிநீர், கழிவுநீர், தகவல்தொடர்பு, அவசர மருத்துவம். கத்ரீனா புயலுக்குப் பின் 2006இல் கல்வியும் சேர்ந்தது. குழந்தைகள் காப்பகம், முதியோர் மையம், வீடற்றோர் விடுதி, கணவனின் அடிக்குத் தப்பி வந்த பெண்களுக்கான உறைவிடம் ஆகியவை தகுதியுள்ளவை, ஆனால் இன்றியமையாதவை அல்ல. நிரந்தரச் சீரமைப்புக்கு இவை முதலில் சிறுதொழில் நிர்வாகத்திடம் பேரிடர்க் கடன் கேட்க வேண்டும். கடன் மறுக்கப்பட்டால், அல்லது போதாமல் போனால், எஞ்சியதற்கே மானியம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் எந்தத் தாய் மின்நிலைய வேலைக்குத் திரும்புவாள் என்று இந்தப் பட்டியல் கேட்கவில்லை.

சோறு சமைப்பதற்கும் இதே கதிதான். வெள்ளத்தில் உணவளிப்பது சட்டப்படி உள்ளாட்சியின் பொறுப்பு. ஆகவே தொண்டு நிறுவனம் தானாக முன்வந்து சமைத்துப் போட்டால் பொதுவாகப் பணம் திரும்ப வராது. உள்ளாட்சி கேட்டுக்கொண்டு, எழுத்தில் ஒப்பந்தமும் இருந்தால், அதன் வழியாக வரலாம். உலை வைக்கும் முன் ஒரு தாள் தேவைப்படுகிறது.

ஆனால் அதே விதிகளில் ஒரு கதவும் உண்டு. தன்னார்வலர்களின் உழைப்பை, அதே வேலைக்கு வழக்கமாகத் தரும் கூலிக் கணக்கில் மதிப்பிட்டு, கூட்டரசு ஏற்காத பங்கில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: யார், எந்த நாள், எத்தனை மணி நேரம், எங்கே, என்ன வேலை செய்தார் என்ற பதிவு வேண்டும். கூலியில்லா உழைப்புக்கு அரசே டாலரில் விலை போடுகிறது. பதிவில்லாத உழைப்புக்கு விலையில்லை.

தமிழ் கற்பிப்பவள் என்பதால் எனக்கு 'தொண்டு' என்ற சொல் உறுத்துகிறது. அதற்குச் சேவை என்றும் அடிமைத்தனம் என்றும் இரு பொருள் உண்டு. கணக்கில் ஏறாத வேலை முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு எளிதில் சரிந்துவிடுகிறது. 'நாங்கள் கணக்குப் பார்த்துச் செய்யவில்லை' என்று பெருமையாகச் சொல்லப் பெண்களைப் பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பெருமையால் லாபம் அடைவது யார் என்பதைக் கேட்டாக வேண்டும். அமைப்புகளில் பணிபுரியப் போகும் மாணவிகளுக்கு நான் சொல்வது இது: வருகைப் பதிவேட்டை எழுத்தர் வேலை என்று ஒதுக்காதீர்கள். தையல் குழுப் பெண்களுக்குக் கிடைக்காமல் போன வரலாறு அந்தத் தாளில்தான் தொடங்குகிறது.