ஊருக்குக் கூடாது, அவனுக்கு வேணும்!

நடுவர் அவர்களே! சீனப் பேரரசன் சின் சி ஹுவாங் புத்தகத்துக்கே எதிரி என்றார் எதிரணி நண்பர். இல்லீங்க! அங்கேதான் விஷயமே இருக்கு.

கி.மு. 213. புலவர்கள் பழைய காலத்தைப் புகழ்ந்து இன்றைய ஆட்சியைக் குறை சொல்கிறார்கள் என்றார் அமைச்சர் லி சு. பிறந்தது ஆணை. கவிதை நூல், வரலாற்று நூல் எல்லாம் நெருப்புக்கு! மருத்துவம், குறி, வேளாண்மைக்கு விலக்கு. 30 நாளில் எரிக்காதவனுக்கு முகத்தில் பச்சை குத்திக் கட்டாய வேலை. பழையதைக் காட்டி இன்றைக்குப் பழி சொன்னால் குடும்பத்தோடு சாவு.

ஆனா, அரசவைப் புலவர்களிடம் இருந்த படிகளைத் தொடவில்லையே, ஐயா! அவன் படிக்கலாம், ஊர் படிக்கக் கூடாது. (சிரிப்பு)

அப்புறம் என்ன ஆச்சு? கி.மு. 206-ல் சியாங் யூ தலைநகரைக் கொளுத்தினான். அரண்மனைகள் மூன்று மாதம் எரிந்தன என்று எழுதுகிறார் சிமா சியென். ஊரெல்லாம் இருந்ததை ஓரிடத்தில் பூட்டினால், ஒரு தீக்குச்சி போதாதா?

ஃபூ ஷெங் என்று ஒருவர். அதே அரசவையில் இருந்த புலவர்! வரலாற்று நூலை வீட்டுச் சுவருக்குள் ஒளித்துவிட்டு ஓடினார். போர் ஓய்ந்து வந்து தேடினால் பெரும்பகுதி போச்சு. மிஞ்சியது 29 இயல். பிறகு தொண்ணூறைத் தாண்டிய அந்தக் கிழவரிடம் பாடம் கேட்க, ஹான் அரசே ஆள் அனுப்பியது! (கைதட்டல்)