முகவுரை முளைத்த கதை

"முகவுரைதானே, அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டான் என் வகுப்பு மாணவன் ஒருவன். விதிகளை உருப்போடுகிறார்கள், முகவுரையைத் தாண்டிச் செல்கிறார்கள். தடை இல்லை, தண்டனை இல்லை, வெறும் அலங்கார வாசகம் என்பது அவர்கள் எண்ணம். மாணவர் மட்டுமா? நீதிபதிகளும் அப்படி எண்ணியதுண்டு. அந்த எண்ணத்திற்கு ஒரு நாட்டின் பெண்கள் கொடுத்த விலை என்ன என்பதை அமெரிக்காவின் சரிதம் கூறுகிறது. கேளுங்கள் தோழர்களே!

1973 சனவரி 22. ரோ-வேட் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம், கருக்கலைப்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. எழுவர் ஒருபுறம், இருவர் மறுபுறம். உயிர் எப்போது தொடங்குகிறது? மருத்துவரும் தத்துவ அறிஞரும் மதவாணரும் ஒத்த கருத்துக்கு வராத இக்கேள்விக்கு விடை கூற நீதிமன்றம் முன்வரவில்லை. ஆனால், ஏதேனும் ஒரு கோட்பாட்டைத் தனதாக்கிக்கொண்டு, அதைக் காட்டிப் பெண்ணின் உரிமையை ஒரு மாநிலம் பறித்துவிட முடியாது என்றது.

முன்வாயில் அடைபட்டது. எதிர்ப்பாளர் முகவுரை என்னும் பக்கவாயிலைத் திறந்தனர்! 1986இல் மிசௌரி மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அரசு மருத்துவமனைகளிலும் அரசு ஊழியர்களாலும் கருக்கலைப்பு செய்யப்படுவதற்குத் தடை விதித்த சட்டம் அது. அதன் தொடக்கத்தில் ஒரு பிரகடனம்: மனித உயிர் கருத்தரிப்பிலேயே தொடங்குகிறதாம்! மாநிலத்தின் சட்டங்கள் அனைத்தையும் அதற்கேற்பவே பொருள்கொள்ள வேண்டுமாம்! நாட்டின் அரசியல் சட்டத்திற்கும் உச்சநீதிமன்றத் தீர்ப்புகளுக்கும் உட்பட்டு, என்று ஒரு வரியும் அடக்கமாகச் சேர்க்கப்பட்டது.

கீழ்நீதிமன்றங்கள் இரண்டும் இப்பிரகடனம் செல்லாது என்றன. 1989 சூலை 3இல் உச்சநீதிமன்றம் வேறு வழி சென்றது. முகவுரை தன்னளவில் கருக்கலைப்பை ஒழுங்குபடுத்தவில்லை. அதை ஒரு மதிப்பீட்டின் வெளிப்பாடாகவே கொள்ளலாம். மிசௌரி நீதிமன்றங்கள் அதை எப்படிப் பயன்படுத்துகின்றன என்று தெரிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார் தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட்.

நீதிபதி ஸ்டீவன்ஸ் மாறுபட்டார். இது மதக் கோட்பாடே அன்றி வேறென்ன என்று கேட்டார். ஆண் கருவுக்கு 40 நாளிலும் பெண் கருவுக்கு 80 நாளிலும் உயிர் தொடங்குகிறது என்ற பழைய கருத்தை, தாமஸ் அக்குவினாஸ் பெயரோடு இணைந்த கருத்தை, ஒரு சட்டமன்றம் முகவுரையாக எழுதினால் இந்த நீதிமன்றம் உடனே அடித்துவிடாதா என்றார். பெரும்பான்மையோர் அதற்குச் செவிசாய்க்கவில்லை.

பிறகு நடந்தது என்ன? 1992இல் ஒரு குற்ற வழக்கிலும், 1995இல் ஓர் இழப்பீட்டு வழக்கிலும், பிறவாக் கருவும் 'நபர்' என்ற சொல்லில் அடங்கும் என்று மிசௌரி உச்சநீதிமன்றம் அந்த வாசகத்தைக் கொண்டே முடிவு செய்தது. இவை கருக்கலைப்பு வழக்குகள் அல்ல. இழந்தவர்களின் துயரமும் பொய்யன்று. எனினும், வெறும் மதிப்பீடு எனப்பட்டது சட்டத்தின் பொருளாகிவிட்டது பாருங்கள்! 2019இல் அதே மாநிலம், உயிரைப் படைத்தவர் எல்லாம்வல்ல கடவுளே என்று சட்டத்திலேயே எழுதியது. ரோ தீர்ப்பு வீழும் நாளில் விழித்தெழும் தடையையும் இயற்றி வைத்தது. 2022 சூன் 24இல் தீர்ப்பு வீழ்ந்தது. அன்றே தடை எழுந்தது. மருத்துவ நெருக்கடி ஒன்றே விலக்கு. வன்முறைக்கு ஆளாகிக் கருவுற்றவளுக்கும் விலக்கில்லை. 2024 நவம்பரில் மக்கள் தம் வாக்கால் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தி உரிமையை மீட்கும்வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நின்றது அந்தத் தடை.

அலபாமாவின் கதை இன்னும் விசித்திரமானது. 2018இல், பிறவா உயிரின் புனிதத்தைப் போற்றுவதே மாநிலக் கொள்கை என்று அங்கே அரசியல் சட்டத்தில் வாக்கெடுப்பின் மூலம் எழுதினார்கள். ரோ தீர்ப்பு நின்ற காலம் அது. வாசகம் அடையாளமாகவே தோன்றியது. 2020இல் மொபைல் நகரில், செயற்கைக் கருத்தரிப்புக்காக உறைநிலையில் காக்கப்பட்ட சில கருக்கள் அழிந்தன. பெற்றோர் வழக்கிட்டனர். உறைந்த கருவும் குழந்தையே என்று 2024 பிப்ரவரியில் மாநில உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1872ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுக்குப் பொருள்கூற, 2018ஆம் ஆண்டு வாசகம் துணைக்கு அழைக்கப்பட்டது. தலைமை நீதிபதி பார்க்கர், தம் தனி உரையில் புனிதம் என்ற சொல்லுக்கு விளக்கம் தேடி விவிலியத்திடமும் இறையியலாரிடமும் சென்றார். அன்று ஸ்டீவன்ஸ் எச்சரித்த வழி இதுவே அல்லவா?

விளைவு? வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைகள் சில செயற்கைக் கருத்தரிப்பை நிறுத்தின. குழந்தை வேண்டாம் என்றவள் அல்ல, குழந்தை வேண்டும் என்று ஏங்கியவள் வாயிலில் நின்று திரும்பினாள்! மார்ச்சு மாதத்தில் அவசர அவசரமாகப் பாதுகாப்புச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

நம்பிக்கையை நெஞ்சில் கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. மேடையில் பேசட்டும், ஏட்டில் எழுதட்டும். சட்டத்தின் நெற்றியில் எழுதும்போதுதான் அது நம்பாதவள் உடலின்மீதும் ஆட்சி செலுத்துகிறது. இன்று அதற்குப் பல் இல்லை என்பர். பல் முளைக்கும் நாளை அவர்கள் அறிவார்கள், காத்திருப்பார்கள்.

ஆகவே, இளைஞனே, சட்டம் எதுவாயினும் முதல் வரியிலிருந்து படி. இதற்குச் சான்று என்ன, இது யார் உடலைத் தொடும், நாளை இது யார் கையில் கருவியாகும் என்று கேள். என் மாணவனுக்கு நான் கூறிய விடையும் இதுதான்.