கல்யாணப் படம் எடுக்க எந்த லென்ஸ்? கைக்கு எட்டும் விலையில் சில தேர்வுகள்

வார இறுதியில் கல்யாணம், பூப்புனித நீராட்டு, தோட்டத்துக் கோயில் திருவிழா என்று படம் எடுத்துக் கூடுதல் வருமானம் தேடும் இளைஞர்கள், ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கிய கையோடு லென்ஸ் விலையைக் கேட்டுத் திகைத்துப் போகிறார்கள். கேமரா நிறுவனங்களின் உயர்வகை 24-70 எஃப் 2.8 லென்ஸ், பல வேளைகளில் கேமராவைவிட விலை அதிகம்.

கேமராவோடு வரும் கிட் லென்ஸ் பகல் வெளிச்சத்துக்குக் குறையில்லை. சிக்கல் மண்டபத்துக்குள்தான். மணமக்களின் முகத்தை நெருக்கி எடுக்கும்போது அது எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும். எஃப் 2.8 உள்ளே விடும் வெளிச்சத்தில் கால் பங்குதான் அப்போது கிடைக்கும். ஐஎஸ்ஓ 3200இல் முடிய வேண்டிய படத்துக்கு 12800 தேவைப்படும். பட்டுச் சேலையின் சரிகையெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு நம் கை நடுக்கத்தை மட்டுமே சமாளிக்கும். தாலி கட்டும் மாப்பிள்ளையின் கை அசைவை அது நிறுத்தாது. அந்த முடிச்சை இன்னொரு முறை போடச் சொல்லவும் முடியாது.

சோனி வைத்திருப்பவர்களுக்கு வழி எளிது. 2018இல் வந்த டாம்ரன் 28-75 எஃப் 2.8 சுமார் 550 கிராம்தான். 2021இல் அதன் இரண்டாம் தலைமுறை வந்துவிட்டதால், பழையதைப் பயன்படுத்திய நிலையில் தேடுவது லாபம். அதே ஆண்டு வந்த சிக்மா 28-70 எஃப் 2.8 இன்னும் இலேசு, 470 கிராம். நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கும் பொருளாயிற்றே! இவற்றில் ஒரு குறை, அகலம் 28இல் தொடங்குவது. 24 அளவுக்கு விரிந்த காட்சி கிடைக்காது. நெரிசலான வீட்டுக் கூடத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது ஓரடி பின்னால் போக வேண்டியிருக்கும்.

நிக்கோன் இசட் கேமராவுக்கு அந்நிறுவனத்தின் 28-75 எஃப் 2.8 உண்டு. கேனனில் 2024இல் வந்த ஆர்எஃப் 28-70 எஃப் 2.8 நல்லது. அதற்குப் பணம் போதாதவர்கள் பழைய இஎஃப் 24-105 எஃப் 4 எல் லென்ஸை அடாப்டருடன் தாராளமாகப் பயன்படுத்தலாம். கூரை தாழ்வாகவும் வெள்ளையாகவும் இருக்கும் மண்டபத்தில், ஃபிளாஷைக் கூரையில் பட்டுத் திரும்பவிட்டால் எஃப் 4 போதும். ஆனால் கருவறை முன் ஃபிளாஷ் அடிக்கப் பல ஆலயங்களில் விடமாட்டார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சிறிய சென்சார் கேமராவுக்கான லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், 24 மெகாபிக்சல் கேமரா சுமார் 10 மெகாபிக்சல் படமே தரும்.

பழையதை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சை. நம் நாட்டு ஈரக் காற்றில் மூடிவைத்த லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் அது படரும். பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். விலை வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தால் 'ஏபி செட்'டா, உள்நாட்டு உத்தரவாதம் உண்டா என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். சொந்தக் கேமராவைக் கடைக்கே கொண்டுபோய், எஃப் எண்ணை முழுதாகத் திறந்து, இரு முனைகளிலும் நாலைந்து படம் எடுத்து, மூலைகளைப் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது. ஒரு மூலை மட்டும் மங்கினால் வேறொன்றைக் கேட்கலாம்.